காரீயம் ஆவியாகாமல் பீங்கான் தூள் தயாரிப்பது எப்படி? கரைசல் முறை தரும் விடை

திருவனந்தபுரம்: மருத்துவமனை ஸ்கேன் கருவியிலும் கப்பலின் சோனார் கருவியிலும் ஒலியை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை உணர்வது பெரும்பாலும் ஒரே வகைப் பீங்கான்தான். காரீயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகிய மூன்று உலோகங்களின் ஆக்சைடான அது, 'பிஇசட்டி' எனப்படுகிறது. அதை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அதன் வடிவம் நுட்பமாக மாறும்.

இப்பண்பை 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்னார்ட் ஜாஃபே குழுவினர் வெளியிட்டனர். சிர்கோனியமும் டைட்டானியமும் ஏறத்தாழ 52:48 என்ற விகிதத்தில் இருக்கும்போது இத்திறன் உச்சத்தை எட்டுகிறது. எனவே, தூளின் ஒவ்வொரு துகளிலும் கலவை சீராக இருப்பது அவசியமாகும்.

இந்த மூன்று உலோகங்களில் இரண்டுக்கான கனிமங்கள் தென்கோடிக் கடற்கரையிலேயே உள்ளன. கேரளத்தின் சவரா, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி ஆகிய இடங்களின் மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் ஆகியவை கிடைக்கின்றன. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில், 1975-இல் தொடங்கப்பட்ட சிஎஸ்ஐஆர் ஆய்வகம் (தற்போது தேசிய பல்துறை அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம்), பீங்கான் ஆக்சைடுத் தூள்களைக் கரைசல் வழியில் உருவாக்கும் ஆய்வுகளில் நீண்ட அனுபவம் கொண்டது.

சிக்கல் எங்கே?

வழக்கமான முறையில் மூன்று ஆக்சைடுகளும் அரைத்துக் கலக்கப்பட்டு, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கப்படுகின்றன. பின்னர் வடிவமைத்து, சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சுடப்படுகின்றன. காரீய ஆக்சைடோ 888 டிகிரியிலேயே உருகி, வெப்பம் கூடக் கூட ஆவியாகிறது. இதனால் கலவையின் விகிதம் பிறழ்கிறது. உலையைச் சுற்றியுள்ள காற்றும் நஞ்சாகிறது. இழப்பை ஈடுகட்டவே, தொடக்கத்தில் கூடுதல் காரீயம் சேர்க்கும் வழக்கம் உள்ளது.

கரைசல் முறையில் உலோக உப்புகள் முதலில் திரவத்தில் கரைக்கப்படுகின்றன. அயனி அளவிலேயே அவை கலந்துவிடுவதால் நீண்ட நேரம் அரைக்க வேண்டியதில்லை. அம்மோனியா போன்றவற்றைச் சேர்த்து மூன்றையும் ஒன்றாக வீழ்படிவாக்குவது ஒரு வழி. கரைசலைக் கூழ்மமாக்கி உலர்த்தும் 'சோல்-ஜெல்' மற்றொரு வழி. இவற்றில் கிடைக்கும் தூளைப் பெரும்பாலும் 500 முதல் 700 டிகிரியில் சூடாக்கினாலே தேவையான படிக அமைப்பு உருவாகிவிடும். மூடிய கலனில் உயர் அழுத்தத்தில் நிகழும் நீர்வெப்ப முறைக்கு 300 டிகிரிக்கும் குறைவான வெப்பமே போதுமானது. துகள்கள் மிக நுண்ணியவையாக இருப்பதால் பிந்தைய சூட்டையும் குறைக்க முடிகிறது.

ஆயினும், காரீயம் இம்முறையில் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. வீழ்படிவைக் கழுவிய நீரில் அது எஞ்சக்கூடும். காரீயத்திற்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் தயாரிப்பின் ஒரு பகுதியாகிறது.

மின்னணுப் பொருள்களில் காரீயத்தை 0.1 சதவீதமாகக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2006-இல் நடைமுறைக்கு வந்தபோது, தகுந்த மாற்று இல்லாததால் இவ்வகைப் பீங்கான்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் காரீயமற்ற மாற்றுப் பொருள் ஒன்றை அறிவித்தபோதிலும், பிஇசட்டியின் பயன்பாடு தொடர்கிறது. அதுவரை, காரீயத்தைக் காற்றிலும் நீரிலும் கலக்க விடாமல் தூளுக்குள்ளேயே நிறுத்துவதுதான் தயாரிப்பாளர்களின் முன் உள்ள சவால்.