நாற்றம் போனால் போதுமா?

போர்வெல் தண்ணீருக்குக் காற்று செய்யும் வைத்தியம்... அதனால் முடியாத வைத்தியம்!

காலையில் மோட்டாரைப் போடுகிறீர்கள். குழாயைத் திறந்ததும் குப்பென்று அழுகின முட்டை நாற்றம்! "ஏனுங்க, தண்ணி இப்படி நாறுதுங்க... இதை எப்படிக் குடிக்கிறது?" என்று மருமகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். "குடத்துல புடிச்சுத் தொறந்து வெய்யி கண்ணு. மத்தியானத்துக்குள்ள சரியாப் போயிரும்" என்கிறார் மாமியார். அவர் சொன்ன மாதிரியே மத்தியானம் நாற்றம் இல்லை. "அப்பாடா, தண்ணி நல்லாயிருச்சு" என்று வீடே குடிக்க ஆரம்பித்துவிடுகிறது.

சேலம், நாமக்கல் பக்கம் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மாமியார் சொன்ன வைத்தியத்தில் தப்பே இல்லை. ஆனால், 'தண்ணி நல்லாயிருச்சு' என்று தீர்ப்பு சொன்னோமே, அங்கேதான் சிக்கல். காற்றில் பறந்து போவது சில கெடுதல்கள் மட்டும்தான். எவை போகும், எவை அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக் குழந்தைகளின் பல்லும் எலும்பும் பிழைக்கும்.

கோலி சோடா சொல்லும் பாடம்

கோலி சோடாவை உடைத்ததும் புஸ்ஸென்று பொங்குகிறது. அதையே டம்ளரில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டால்? சப்பென்று ஆகிவிடும். உள்ளே கரைந்திருந்த கரியமில வாயு காற்றோடு போய்விட்டது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று 1803-ல் கண்டு சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி. தண்ணீருக்கு மேலே ஒரு வாயுவின் அழுத்தம் எவ்வளவோ, அதற்குத் தக்க அளவுதான் அந்த வாயு தண்ணீருக்குள் தங்கும். மேலே புதுக்காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் வாயு வெளியே கிளம்பிக்கொண்டே இருக்கும்.

இதே சூத்திரத்தைப் பெரிய அளவில் செய்வதற்குப் பெயர் 'ஏர் ஸ்டிரிப்பிங்'. உயரமான கோபுரம் ஒன்று. அதற்குள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வளையங்களைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மேலிருந்து தண்ணீர் பொழியும். கீழிருந்து மின்விசிறி காற்றை ஊதித் தள்ளும். வளையங்களில் பட்டுத் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவுவதால் காற்று படும் பரப்பு பல மடங்காகிறது. தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் ஆவியாகும் பொருட்களைக் காற்று வாரிக்கொண்டு மேலே போய்விடும்.

அமெரிக்காவின் டகோமா நகரில் குடிநீர்க் கிணறு ஒன்றில், ஆலைகளில் எண்ணெய்ப்பிசுக்கு நீக்கப் பயன்படும் ரசாயனக் கரைப்பான்கள் கலந்துவிட்டன. 1983-ல் இப்படி ஐந்து கோபுரங்களைக் கட்டித்தான் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள். நம் ஊர்க் குடிநீர் நிலையங்களில் படிக்கட்டு படிக்கட்டாகத் தண்ணீர் வழிந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே? அது அழகுக்காகக் கட்டியதல்ல. இதே வேலையை எளிய முறையில் செய்கிறது.

முட்டை நாற்றம் ஏன் வருகிறது?

இந்த நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. காற்றே புகாத இடத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியா, தண்ணீரில் உள்ள சல்ஃபேட் உப்பைத் தின்று இந்த வாயுவை வெளியே விடுகிறது. அழுகும் பொருட்கள் அதிகமானால் அதற்குக் கொண்டாட்டம். நம் பகுதியில் மரவள்ளி விளைகிறது, ஜவ்வரிசி ஆலைகளும் நிறைய. மாவுச்சத்து நிறைந்த கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் குட்டையாகத் தேங்கினால் அங்கே இந்த நாற்றம் கிளம்புவது இதனால்தான். சாக்கடையோ செப்டிக் டேங்கோ கிணற்றுக்குப் பக்கத்தில் கசிந்தாலும் இதே கதைதான்.

குடிநீரில் இந்த வாயு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இதை விரட்ட வீட்டிலேயே வழி உண்டு. மாடித் தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயின் முனையில் பூவாளி மாதிரித் துளைகள் உள்ள மூடியைப் பொருத்துங்கள். தண்ணீர் உயரத்திலிருந்து தூவலாக விழட்டும். தொட்டியில் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும். அந்த வழிக்குக் கொசுவலை கட்டாயம். இல்லையென்றால் நாற்றம் போய் டெங்கு வந்து சேரும்!

தண்ணீரில் காரத்தன்மை கூடுதலாக இருந்தால் சல்ஃபைடில் ஒரு பகுதி வாயு வடிவத்தில் இருக்காது. அதனால் எவ்வளவு தூவினாலும் கொஞ்சம் நாற்றம் மிச்சமிருக்கும். கீசரிலிருந்து வரும் வெந்நீரில் மட்டும் நாற்றம் என்றால் போர்வெல்லைத் திட்டாதீர்கள். கீசருக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மூடிக் கிடக்கும் கிணற்றிலோ தொட்டியிலோ இந்த வாயு சேர்ந்திருந்தால் உயிரையே வாங்கிவிடும். அளவு அதிகமானால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். 'இப்ப நாத்தம் அடிக்கல, எறங்கலாம்' என்று நினைத்து இறங்கியவர்களையும், அவர்களைக் காப்பாற்றக் குதித்தவர்களையும் பலி வாங்கிய வாயு இது. யாரையும் இறக்காதீர்கள், ஆபத்து என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் வாசனை வந்தால்?

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்தது. பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று தெரிந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 'அது சென்னை சமாச்சாரம், நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியாது. லாரிக்குப் பேர்போன ஊர் நாமக்கல். சங்ககிரியும் அப்படித்தான். நெடுஞ்சாலை நெடுக பெட்ரோல் பங்குகள். பங்குகளில் எரிபொருள் இருப்பது நிலத்தடித் தொட்டிகளில். அதில் ஓட்டை விழுந்தால் மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

பெட்ரோலில் உள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்குதான், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பென்சீனின் வாசனை மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் இதைப்போல் பல மடங்கு கலந்திருக்க வேண்டும். மூக்கு சொல்லும்போது காலம் கடந்திருக்கும்!

"பென்சீனும் ஆவியாகிற சரக்குதானே? கொதிக்க வைத்துவிட்டால் ஆச்சு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீரை விட்டுக் கிளம்பும் ஆவி எங்கே போகும்? உங்கள் சமையலறைக்குள்தான்! அடுப்பில் தீ வேறு எரிகிறது. காற்று எந்த விஷத்தையும் அழிப்பதில்லை. தண்ணீரிலிருந்து தூக்கி வேறு இடத்தில் வைக்கிறது. அதனால்தான் பெரிய கோபுரங்களில் வெளியேறும் காற்றையும் தேவைப்பட்டால் கரி வடிகட்டியில் செலுத்துகிறார்கள். இது வீட்டில் செய்து பார்க்கும் வேலையே அல்ல.

காற்றுக்கு அசையாதவர்கள்

இப்போது குடத்துத் தண்ணீருக்குத் திரும்பி வருவோம். நாற்றம் போய்விட்டது. மிச்சம் என்ன இருக்கலாம்?

முதலாவது ஃப்ளோரைடு. நிறமில்லை, மணமில்லை, ருசியும் காட்டிக்கொடுக்காது. சேலம், நாமக்கல், தர்மபுரிப் பகுதிப் பாறைகளில் இருப்பது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைக் குழந்தைகள் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இது காற்றில் பறக்கிற சரக்காக இருந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் பெரிய திட்டமே தேவைப்பட்டிருக்காது. 2013-ல் அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

இரண்டாவது நைட்ரேட். உரம், கோழி எரு, செப்டிக் டேங்க் இவற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்குவது. எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடலாம்.

மூன்றாவது கிருமிகள். அவற்றைக் காற்று ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி ஏறத்தான் செய்யும்!

மரவள்ளிக் கிழங்கு வேகவைக்கும் பெண்களுக்கு இது புரியாத விஷயமல்ல. கிழங்கிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தைத் திறந்து வைத்தால் ஆவியோடு போய்விடும். ஆனால் அதற்கு மூலமான லினமாரின் என்ற பொருள் பறக்காது, தண்ணீரில்தான் இறங்கும். அதனால்தான் தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுகிறோம். பறப்பதற்கு ஒரு வழி, பறக்காததற்கு வேறு வழி. கிணற்றுத் தண்ணீருக்கும் இதே நியாயம்தான்.

சரி, என்ன செய்யலாம்?

* முட்டை நாற்றம் என்றால் தூவல் முறையில் காற்றுப்படச் செய்யுங்கள். அதன் பிறகு குளோரின் போடுங்கள். பொதுவாக 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். முதலில் குளோரினைப் போட்டால் சல்ஃபைடு அதைத் தின்றுவிடும்; கிருமிக்கு மிச்சம் இருக்காது.

* நகராட்சித் தண்ணீரில் குளோரின் வாடை என்றால் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே குறையும். ஆனால் காவலுக்கு இருந்தவனும் போய்விட்டான் என்பதால் பிறகு மூடிவைத்து அன்றன்றே காலி செய்யுங்கள்.

* 'எங்க வீட்டுல ஆர்.ஓ. இருக்குதுங்க' என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் பெருமளவு தடுக்கும் அந்தச் சவ்வு, கரைந்த வாயுக்களைச் சுலபமாக உள்ளே விட்டுவிடும். பெட்ரோல் வகைகளைப் பிடிப்பது அதிலுள்ள கரி. அதற்கும் ஆயுள் உண்டு.

* தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி உங்கள் போர்வெல் தண்ணீரைச் சோதிக்கலாம். ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

* பெட்ரோல், டீசல், பெயின்ட் வாசனை வந்தால் அந்த நிமிடமே மோட்டாரை நிறுத்துங்கள். கிணற்றருகே தீக்குச்சி, பீடி கூடாது. குடிக்கவும் வேண்டாம், குளிக்கவும் வேண்டாம். கலெக்டர் ஆபீஸுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். இதற்கான சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். கொஞ்சம் இடம் விட்டாலும் ஆவியாகும் பொருள் அந்த இடத்துக்கு ஓடிவிடும். ரிப்போர்ட்டில் 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடும்!

மாமியாரின் குடத்து வைத்தியம் தொடரட்டும். அதோடு, இந்த வாரமே ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மூக்கால் கண்டுபிடிக்க முடியாததை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.