முந்தும் இயங்குதளமும் பிந்தும் செயலிகளும்

கைத்தொலைபேசி உடையார் பலர் ஆண்டுதோறும் ஒருமுறை எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. கருவியை ஆளும் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்துளதெனத் திரையில் அறிவித்தல் தோன்றும். அதனை ஏற்றபின், நேற்றுவரை செவ்வனே தொழிற்பட்ட செயலிகளுள் ஒன்றிரண்டு திறந்தவுடன் மூடிக்கொள்ளும். அன்றேல் திறவாமலே கிடக்கும். செயலியை ஆக்கியோர் அதனைத் திருத்தி வெளியிடும்வரை காத்திருத்தலன்றிப் பயன்படுத்துவோர்க்கு வேறு வழியில்லை. பழைய பதிப்புக்கு மீளலாமெனின், ஐபோனைப் பொறுத்தவரை அதுவும் அரிது. புதியது வெளியாகிச் சில காலத்துள் பழையதற்கு மின்னொப்பம் இடுவதை அப்பிள் நிறுவனம் நிறுத்திவிடும். ஒப்பம் பெறாத பதிப்பைக் கருவி ஏற்காது.

செயலி என்பது தனித்து இயங்கும் பொருளன்று. திரையில் ஓரெழுத்தை வரைதற்கும், ஒலியை எழுப்புதற்கும், படமெடுத்தற்கும் அது இயங்குதளத்திலுள்ள நிரற்றொகுதிகளையே அழைக்கின்றது. அத்தொகுதிகளின் பெயரோ இயல்போ மாறின், அழைத்த செயலி விடை பெறாது நின்றுவிடும். இம்மாற்றங்களுட் பெரும்பாலானவை சிறியன. சில நாட்களிற் சரிசெய்யப்படுவன. அடிப்படையே பெயர்ந்த மாற்றத்துக்குத் தக்க சான்று, ஐபோன் 32 பிட் முறையினின்று 64 பிட் முறைக்குச் சென்ற வரலாறாகும்.

2013 செப்டெம்பரில் வெளியான ஐபோன் 5எஸ் 64 பிட் செயலகத்தைக் கொண்டிருந்தது. 32 பிட் முகவரிகளால் 4,294,967,296 நினைவக இடங்களையே, அஃதாவது 4 கிகாபைட்டையே, சுட்டலாகும். ஆயின், அக்கருவியின் நினைவகமோ 1 கிகாபைட்டு மாத்திரமே. எனவே நினைவகப் பற்றாக்குறையே மாற்றத்துக்குக் காரணமெனக் கூறுவார் கூற்று அக்கருவிக்குப் பொருந்தாது. புதிய கட்டளைத் தொகுதியில் பொதுப்பயன் பதிவகங்கள் 31 இருந்தன. பழையதில் 16 மட்டுமே, அவற்றுள்ளும் சில வேறு பணிக்கு ஒதுக்கப்பட்டவை. வேகம் மிகுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பழைய செயலிகளையும் அக்கருவி இயக்கியது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. 32 பிட் செயலியொன்று திறக்கப்படும்போது, அதற்கென இயங்குதளத் தொகுதிகளின் 32 பிட் படியும் நினைவகத்துள் ஏற்றப்படல் வேண்டும். ஒரே பொருளின் இரு படிகள் நினைவகத்தையும் சேமிப்பிடத்தையும் அடைத்தன. பழைய செயலி கருவியின் வேகத்தைக் குறைக்கக்கூடுமெனப் பின்னர் ஐஓஎஸ் 10 எச்சரித்தமை இதுபற்றியே.

புதிதாக வரும் செயலிகள் யாவும் 2015 பெப்ரவரி 1 முதலும், திருத்தி வெளியிடப்படுவன அவ்வாண்டு யூன் 1 முதலும் 64 பிட் வடிவு கொண்டிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் வந்த 10.3 ஆம் பதிப்பு, ஆக்கியோன் திருத்தாவிடின் இச்செயலி இனிவரும் பதிப்பில் இயங்காதென வெளிப்படையாக அறிவித்தது. 2017 செப்டெம்பர் 19 இல் ஐஓஎஸ் 11 வெளியானபோது 32 பிட் செயலிகள் அடியோடு நின்றன. நான்காண்டு அவகாசம் இருந்தும் எத்துணையோ செயலிகள் பிந்தியதேன் என்பதே ஆராயத்தக்கது.

ஆக்கியோர் யாவரும் சோம்பியிருந்தனரெனல் நேர்மையாகாது. சி மொழியில் எழுதிய பலர், முகவரியும் முழுவெண்ணும் ஒரே அளவினவென்று கருதி, முகவரியை 4 பைட்டு எண்ணுள் இட்டுவைத்தனர். 64 பிட் முறையில் முகவரி 8 பைட்டாகும். நாலு பைட்டுள் இட்டால் மேற்பாதி வெட்டுண்டு போம். ஊர்ப்பெயர் கிழிந்து வீட்டிலக்கம் மட்டும் எஞ்சிய கடிதத்தைத் தபாற்காரன் எவ்வீட்டிற் சேர்ப்பான்? இன்னும், தாம் எழுதாது பிறரிடம் விலைக்குப் பெற்ற பகுதிகளையும் பலர் சேர்த்திருந்தனர். அவற்றின் மூலநிரல் கையில் இன்மையின், விற்றவர் திருத்துங்காறும் வாங்கியவரும் காத்திருக்க நேர்ந்தது. விளையாட்டுகள் பலவற்றுக்கு அடிப்படையான யூனிட்டி என்னும் பொறியே ஐபோனுக்குரிய 64 பிட் ஆதரவை 2015 தொடக்கத்திற்றான் அளித்தது. ஆகவே பயனர் செயலிக்காகவும், செயலி பொறிக்காகவும் காத்திருந்த நிலை உண்டாயிற்று.

இவற்றினும் வலிய காரணம் பொருள்பற்றியது. ஒருமுறை சிறு விலைக்கு விற்கப்பட்ட செயலி, விற்றபின் ஆக்கியோனுக்கு வருவாய் தருவதில்லை. திருத்தும் உழைப்புக்குக் கூலி கொடுப்பாரும் இலர். ஆக்கியோனே கைவிட்டவற்றைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. டொங் நுயென் என்பார் 2014 பெப்ரவரியில் தாமே விலக்கிக்கொண்ட பிளாப்பி பேர்ட் என்னும் விளையாட்டு, பலருடைய கருவிகளில் எஞ்சியிருந்தும், ஐஓஎஸ் 11 இல் இயங்காதொழிந்தது. இழந்தவர்கள் விலை கொடுத்து வாங்கியோரும் விரும்பிப் பேணியோருமே, முடிவெடுத்தோர் அல்லர்.

குற்றம் இயங்குதளத்தார் பக்கமும் உண்டு. யூன் மாதத்திற் சோதனைப் பதிப்பைத் தந்து செப்டெம்பரில் முடிந்த பதிப்பை வெளியிடுதல் அப்பிளின் வழக்கம். இறுதி வடிவைச் சோதித்தற்கு ஏறக்குறைய ஒரு வாரம் கிடைக்கும். 2020 செப்டெம்பர் 15 இலோ, ஐஓஎஸ் 14 மறுநாளே வெளியாகுமென அறிவிக்கப்பட்டது. ஒரே நாளிற் சோதித்து, அனுப்பி, ஒப்புதலும் பெறுக என்றல் இரக்கமற்ற செயலென்பதில் ஐயமில்லை.

அன்ட்ரொயிட் வேறு நெறியைக் கைக்கொண்டது. செயலி தான் எப்பதிப்பை நோக்கி ஆக்கப்பட்டதென அறிவிக்கும். புதிய கட்டுப்பாடுகள் பல, புதிய பதிப்பை அறிவித்தவற்றையே பற்றும். இதனாற் பழைய செயலிகள் பிழைத்தன. ஆனால் பிந்துதலே ஊதியமாகவும் ஆயிற்று. 2015 இல் வந்த அன்ட்ரொயிட் 6.0 இல், ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி, தொடர்பு விபரங்கள் ஆகியவற்றைப் பயன்கொள்ளுமுன் செயலி உடையவரிடம் இசைவு கேட்டல் வேண்டும். பழைய பதிப்பை அறிவித்த செயலியோ, நிறுவும்போதே யாவற்றையும் ஒருங்கே பெற்றுக்கொள்ளலாம். இவ்வழியை அடைக்க, புதிய செயலிகள் 2018 ஓகஸ்ட் முதலும் திருத்தங்கள் நவம்பர் முதலும் 8.0 ஆம் பதிப்பையேனும் நோக்குதல் வேண்டுமெனக் கூகிள் விதித்தது. 64 பிட் விதி 2019 ஓகஸ்டில் வந்தது. 2022 இல் வெளியான பிக்சல் 7 கருவி 32 பிட் செயலிகளை ஏற்கவேயில்லை.

விளையாட்டு நின்றால் வருத்தம் மட்டுமே. நீரிழிவு நோயாளர் குருதியிலுள்ள வெல்லத்தின் அளவை ஓயாது அறிந்துகொள்வதும் இன்று கைத்தொலைபேசிச் செயலியாலன்றோ? அளவு அபாயமாகத் தாழும்போது அச்செயலியே ஒலியெழுப்பி உறங்குவோரை எழுப்பும். இயங்குதளப் புதுப்பித்தலாலும் அமைப்புகள் மாறுவதாலும் அவ்வொலி எழாது போகக்கூடுமென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 பெப்ரவரியில் எச்சரித்தது. தன்னியக்கப் புதுப்பித்தலை நிறுத்திவைத்து, கருவியைச் செய்தோர் புதிய பதிப்பைச் சோதித்து இசைவு தெரிவித்தபின்னரே அதனை ஏற்றல் வேண்டுமென்பது அன்னோர்க்குக் கூறப்படும் அறிவுரை. ஆனால் அப்புதிய பதிப்பிலேயே பாதுகாப்புக் குறைகளுக்குரிய திருத்தங்களும் அடங்கியிருத்தலின், அவர் காத்திருக்கும் நாளெல்லாம் அக்குறைகளும் அவர் கருவியில் திறந்தே கிடக்கின்றன.