முகம் பாரா வணிகத்தில் நாணயம்

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறார், தராசைப் பார்க்கிறார், நம் முகத்தையும் பார்க்கிறார். இணையச் சந்தையில் இம்மூன்றும் இல்லை. பின் எதை நம்பிப் பணம் கொடுக்கிறார்? அங்கே விற்கவும் கொள்முதல் செய்யவும் தொடங்கியுள்ள நாம் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, பெயர். அமெரிக்காவில் 1995-ல் பியர் ஓமிட்யார் தொடங்கிய ஈபே சந்தையில், முன்பின் அறியாதவர்கள் கொடுக்கல் வாங்கல் செய்தனர். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நிறைகுறைகளை எல்லோரும் படிக்கும்படி எழுத 1996-ல் ஏற்பாடு வந்தது. ஆனால், விற்றவர் பதிலுக்குப் பதில் தம்மைக் குறை எழுதுவாரோ என்று அஞ்சி, வாங்கியவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்கினர். எனவே 2008-ல், வாங்கியவரைப் பற்றி விற்றவர் குறை எழுதுவதை ஈபே நிறுத்திவிட்டது.

இரண்டாவது, பணம். சீனாவில் 2003-ல் தொடங்கிய தாவோபாவோ சந்தையில், முதலில் பணம் அனுப்ப வாங்குபவருக்குப் பயம். முதலில் சரக்கு அனுப்ப விற்பவருக்குப் பயம். அலிபே என்ற அமைப்பு பணத்தை நடுவில் வாங்கி வைத்தது. சரக்கு சரியாக வந்ததென்று வாங்கியவர் சொன்ன பிறகே விற்றவருக்குக் கொடுத்தது. இருதரப்புக்கும் வேண்டிய தரகர் நடுவில் நிற்பது போன்றதே இது.

மூன்றாவது, புகார். நம் நாட்டின் 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பழுதான சரக்கையோ, விளம்பரத்துக்கு மாறான சரக்கையோ விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. வாடிக்கையாளர் போல் வேடமிட்டுத் தம் சரக்கைத் தாமே புகழ்ந்து எழுதவும் கூடாது.

ஆகவே, விற்கும்போது நம்மிடம் உள்ள சரக்கையே படமெடுத்துப் போடுவோம். எடை, விலை, பொட்டலமிட்ட தேதி ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்போம். கடையில் 50 கிராம் குறைந்தால் ஒருவர் நம்மிடம் வந்து கேட்பார். இணையத்தில் குறைந்தால் ஊரே படிக்கும். புகார் வந்தால் வாதாடாமல் அன்றே மாற்றிக் கொடுப்போம். போவது ஒரு பொட்டலம், நிற்பது பெயர்.

கொள்முதல் செய்யும்போது விற்பவரின் முகவரியையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் சரிபார்த்து, முதலில் சிறிய அளவே வாங்குவோம். 'சந்தைக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்புங்கள், விலை குறைத்துத் தருகிறோம்' என்பவரிடம் மிக எச்சரிக்கை தேவை. அப்படி அனுப்பிய பணத்துக்கு நடுவில் நின்று காப்பவர் எவருமில்லை.

தராசு மாறலாம், கடை வீதி மாறலாம். வணிகனுக்கு முதல், நாணயமே.