உங்களுக்குத் தெரியுமா? டிக்கெட்டில் அச்சாகாத கட்டணம்

● 2,500 பேர் ஏறியிருக்கும் ரயில், முண்டியடித்து ஏறுபவர்களால் ஒரு ஸ்டேஷனில் 30 வினாடி கூடுதலாக நிற்கிறது. அத்தனை பேருடைய அரை நிமிடத்தையும் கூட்டினால் கிட்டத்தட்ட 21 மணி நேரம்! பின்னால் வரிசைகட்டி நிற்கும் ரயில்களின் கணக்கு தனி.

● நசுங்கி நின்று போகும் பத்து நிமிடமும் உட்கார்ந்து போகும் பத்து நிமிடமும் போக்குவரத்துப் பொருளாதார நிபுணர்களுக்கு ஒன்றல்ல. கூட்டம் மிஞ்சினால், நிற்பவரின் ஒரு நிமிடத்தை இரண்டாகக்கூட எண்ணுவார்கள்.

● ஜப்பானில் நெரிசலை விளக்க வார இதழும் உதவுகிறது. கொள்ளளவில் 200 சதவீதக் கூட்டம் என்றால், உடம்போடு உடம்பு இடித்தாலும் வார இதழை எப்படியோ படித்துவிடலாம். 250 சதவீதம் என்றால் கையையே அசைக்க முடியாது. (இதற்குமேல் கூட்டம் ஏறினால் வார இதழ் விற்பனைக்கும் நஷ்டம்!) 2019-ல் டோக்கியோ மெட்ரோ, டோசாய் பாதைப் பயணிகளைச் சீக்கிரம் கிளம்பவைக்க ஒரு ஆசை காட்டியது: முன்னதாக வருபவர்கள் 3,000 பேரைத் தொட்டால் சோபா நூடுல்ஸும் டெம்புராவும் இலவசம்.

● மும்பை லோக்கலில் உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர். கேரம் போர்டைவிடச் சற்றே பெரிய இடம், அவ்வளவுதான். ரயில்வே இதற்கு 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு' என்று பெயரே வைத்திருக்கிறது. சர்ச்கேட் போகவேண்டிய நாலாசோபாரா பயணி, முதலில் எதிர்த்திசையில் விரார் வரை போய், ரயில் கிளம்பும் இடத்திலேயே சீட் பிடித்து, ஏறிய ஸ்டேஷனையே தாண்டித் திரும்பி வருவார். சீட்டுக்கு விலை, தூக்கத்தில் கொஞ்சம். விரார்க்காரர்களுக்கோ இதில் ஏகக் கடுப்பு. இடம் போவது அவர்களுக்கல்லவா! காசு உள்ளவர்கள் பல மடங்கு கொடுத்து ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ் எடுக்கிறார்கள். அதே தண்டவாளம், அதே வேகம். இடிக்கும் தோள்கள் மட்டும் கொஞ்சம் குறைவு. சில நாள் அதுவும் இல்லை.

● ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறக்கும் பயணியின் குடும்பத்துக்கு ரயில்வே தரும் இழப்பீடு 8 லட்சம் ரூபாய். 2017-க்கு முன் 4 லட்சம். முறையான டிக்கெட்டோ பாஸோ வைத்திருந்தவர் என்பது நிரூபணமாக வேண்டும். 2025 ஜூன் 9 அன்று மும்பையை அடுத்த மும்ப்ரா அருகே லோக்கல் ரயில் படியில் தொங்கியவர்கள் விழுந்து சிலர் இறந்த பிறகுதான், லோக்கல் ரயில்களுக்கெல்லாம் தானியங்கிக் கதவு என்ற பேச்சு சூடுபிடித்தது.

● நெரிசலைக் குறைக்க சிங்கப்பூர் 2013-ல் வேறு வழி பார்த்தது: காலை 7.45-க்குள் நகர மையத்து எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்களில் இறங்கிவிட்டால் கட்டணமே இல்லை. உச்ச நேரக் கூட்டத்தில் சுமார் 7 சதவீதம் பேர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது; மேனேஜர் ஒன்பதரைக்குத்தான் வருவார் என்றால் ஏழே முக்காலுக்கு இறங்கி என்ன செய்வது? 2017 டிசம்பரோடு இலவசம் நின்றது. இப்போது, 7.45-க்கு முன் எந்த ஸ்டேஷனில் ஏறினாலும் 50 சென்ட் வரை தள்ளுபடி.