அஞ்சறைப் பெட்டி

கல்லூரிச் சஞ்சிகையிலே கடுகையும் சீரகத்தையும்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகையை விளைக்கலாம். எனினும், நாள்தோறும் நாம் உண்ணும் உணவு சுவையுடையதாதலும் சுவையற்றதாதலும் பெரும்பாலும் அஞ்சறைப் பெட்டியையே பொறுத்திருத்தலின், அதனைச் சிறிது திறந்து பார்ப்பது வீண்காரியமன்று. இது மகளிர்க்கே உரிய விஷயமென்று ஒதுக்கும் ஆடவர், உண்பதும் மகளிர்க்கே உரியதென்று ஒப்புக்கொள்வாரோ?

அஸ்தம்பட்டியில் வாழ்வார்க்கு இச்சரக்குகள் எட்டாப் பொருள்களல்ல. இங்கிருந்து புறப்படும் சாலை ஏற்காட்டு மலைமேல் ஏறுகின்றது. அங்குள்ள காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களைப் பற்றி மிளகுக்கொடி படர்கின்றது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மஞ்சள் மூட்டை மூட்டையாக விலைபோகின்றது. கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் உழவர் சந்தையிலே காலைதோறும் பசுமையாகக் கிடைக்கின்றன. ஆகவே, பொருட்குறைவால் நம் சமையல் கெடுவதில்லை. சரக்கை மிகுத்தால் சுவையும் மிகும் என்னும் எண்ணத்தாலேயே அது கெடுகின்றது.

நாமக்கல் ஜில்லாவிலே காவிரிக்கரையிலுள்ள பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் கோழி வறுவலைப் பாருங்கள். அதற்குப் பட்டையும் கிராம்பும் ஏலமும் வேண்டுவதில்லை. வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், கறிவேப்பிலை ஆகிய இவையே அதன் சரக்குகள். மிளகாயைக் கிள்ளி விதையை உதறி, எண்ணெயிலே பக்குவமாக வதக்குவதில்தான் அதன் இரகசியம் அடங்கியுள்ளது. மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயிலே நன்கு கரையும். நீரிலோ கரைவது அரிது. கொதிக்கும் குழம்பில் பிடிபிடியாகத் தூளைக் கொட்டுவோர் இதனை உணர்வாராயின், பாதித் தூள் மிச்சப்படும். (மிளகாயே நமக்குப் பழம்பொருளன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 16-ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேசியர் வழியாக வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர்.)

தாளிதத்தின் முறையும் இதனைப் பற்றியதே. எண்ணெய் போதிய அளவு காயாமல் கடுகை இட்டால் அது வெடியாமல் ஊறிக் கிடந்து, பல்லிற் படுங்கால் கசக்கும். கடுகின் உள்ளீரம் ஆவியாகித் தோலைப் பிளத்தலே வெடித்தல் என்பது. அது அடங்கும் தறுவாயில் உளுந்தம்பருப்பு, அது சிவக்கத் தொடங்கியதும் சீரகம், பின்பு மிளகாய், அடுப்பைத் தணித்துப் பெருங்காயம், ஈற்றிலே கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டினால் கடுகு வேகாமல் நிற்க, சீரகம் கரிந்துவிடும். வெந்தயத்தை இடுவோர் அது பொன்னிறமானவுடனே விழிப்படைதல் வேண்டும். கறுத்த வெந்தயம் குழம்பு முழுவதையும் கசப்பாக்கும்.

பெருங்காயம் நெடுந்தொலைவிலிருந்து வருவது. ஈரான், ஆப்கானிஸ்தானம் முதலிய தேசங்களில் வளரும் ஒருவகைச் செடியின் வேரைக் கீறி, வடியும் பாலை உலர்த்தி எடுப்பர். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டில்தான் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் இதனைப் பயிரிட நாற்று நட்டனர். இதிலுள்ள கந்தகச் சேர்க்கைகளால் பச்சையாக முகர்வார்க்கு அருவருப்பு உண்டாகும். காய்ந்த எண்ணெயிற் பட்டபின்போ வெங்காயமும் பூண்டும் கலந்தாற்போன்ற மணம் தரும்.

மிளகுக்கும் சீரகத்துக்கும் நேர்மாறான விதியொன்று உண்டு. அவற்றின் மணம் காற்றிற் பறந்துபோகும் இயல்பினது. ஆதலின் ரசத்திற்கு அவற்றை அப்பொழுதே பொடித்துக் கடைசியில் இட்டு, நுரை கட்டியவுடன் இறக்கிவிடல் வேண்டும். தளதளவெனக் கொதிக்கவிட்டால் தெருவெல்லாம் மணக்கும். கிண்ணத்தில் மணம் இராது. ஆறு மாதத்திற்குச் சேர்த்து அரைத்து வைக்கும் பொடியும் இவ்வாறே மணம் இழக்கின்றது. முழுத் தானியமாயிருக்கையில் தோலுக்குள் அடங்கியிருந்த மணம், பொடித்தவுடன் எல்லாப் பக்கமும் காற்றுக்கு இரையாகின்றது. வேண்டுமளவு கொத்துமல்லி விதையை இளந்தீயில் வறுத்து, ஆறியபின் வாரத்திற்கொருமுறை இடித்துக்கொள்வதே நலம்.

இவையெல்லாம் நாவின்பத்திற்கு மட்டும் கூறியனவல்ல. நாமறிந்த ஓர் இல்லத்தில் முதியவரொருவர்க்கு இரத்த அழுத்தம் மிகுந்திருக்கவே, மருத்துவர் உப்பைக் குறைக்குமாறு பணித்தார். மருமகளாரும் குறைத்தார், வேறொன்றும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் முதியவர், "அம்மணி, இது ரசமா, வெந்நீரா?" என்று கேட்டுத் தட்டை ஒதுக்கினார். சில நாள் அரைவயிறாக உண்டார். ஊறுகாய் ஜாடியையும் இரகசியமாகத் தேடலானார். பின்னர் அவ்வம்மையார் இரவில் ஊறிய கொள்ளை வேகவைத்து, வடித்த நீரிற் புளியைச் சற்றுக் கூட்டி, அப்பொழுதே வறுத்துப் பொடித்த மிளகும் சீரகமும், தட்டிய பூண்டும் சேர்த்து ரசம் வைத்தார். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயத்தோடு கடைந்து, தேங்காயெண்ணெயில் தாளித்தார். பழைய ருசி முற்றும் வந்துவிட்டதென்று அப்பெரியவர் இன்றும் ஒப்புவதில்லை. ஆயினும் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. புளிப்பும் மணமும் துணைநின்றாலன்றி அவ்வளவில் நின்று உண்பது நம்மவர்க்கு எளிதன்று.

இனி, வாங்கும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கை. வங்காள தேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட்டு என்னும் நச்சுப்பொருள் பூசப்பட்டமை 2019-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியால் வெளியாயிற்று. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகையால், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தைக் கண்டு மயங்காமல், மங்கிய நிறமுடைய விரலி மஞ்சளை அறிந்த கடையிலே வாங்கி, நன்கு கழுவி, வெயிலில் உலர்த்தி, நாமே அரைத்துக்கொள்ளுதல் நன்று. அரைவை மில்லுக்குக் கொண்டுசெல்வோர், நமக்குமுன் அரைத்தவர் மிளகாய் போட்டாரா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு கொட்டுக; இல்லையேல் குழந்தைக்குக் காய்ச்சும் மஞ்சட்பாலும் காரமாய்விடும்.