மணிக்கட்டில் கட்டப்படும் சாதி

மம்சாபுரம் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்தில் 1997ஆம் ஆண்டு போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. ஒடுக்கப்பட்டவர் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். கலவரம் தென் மாவட்டங்களில் பரவியது. கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு நீக்கியது. பகை நீங்கவில்லை. அன்றைய இளைஞர்களே இன்றைய பெற்றோர்.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியோர் உடன் பயின்ற சிறுவர்கள். துன்புறுத்தலைப் பள்ளியில் முறையிட்டதே அம்மாணவர் செய்த 'குற்றம்'.

சிறுவர்களுக்கு இவ்வெறி எங்கிருந்து வந்தது? வீட்டில் கேட்கும் இழிசொல் முதற்பாடம். தெருவின் கொடிக்கம்பமும் சுவரொட்டியும் அடுத்த பாடம். நண்பர் குழு சாதிக் கயிற்றைக் கட்டிவிடுகிறது. பள்ளி கண்டும் காணாதிருக்கையில் அதற்கு ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. கயிறுகளைத் தடுக்க 2019இல் அனுப்பப்பட்ட சுற்றறிக்கையும் நடைமுறைக்கு வரவில்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம், அகரவரிசைப்படி இருக்கை, வட்டாரப் பெரும்பான்மைச் சாதியினரை அங்கேயே தலைமையாசிரியராக அமர்த்தாமை ஆகியன அதன் பரிந்துரைகளுள் சில.

குடும்பத்தையும் தெருவையும் அரசாணையால் உடனே மாற்ற இயலாது. பள்ளி அரசின் கையில் உள்ளது. மாற்றம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.