கல்லூரி கபடி அணியின் பிடி: அடுத்த வருடத்துக்கு ஒரு குறிப்பு

இந்த முறை நடுகல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கபடி. வழக்கமாகப் படிக்க வருகிறவர்கள் மன்னிக்கணும். ஆனால் இதையும் அதே முறையில்தான் செய்தேன். கிடைத்ததைச் சேகரித்தேன், வரிசைப்படுத்தினேன், யார் சொல்வதையும் அப்படியே நம்பாமல் ஒருமுறை சரிபார்த்தேன்.

என் அக்கா மகன் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். அணியில் இருக்கிறவரைதான் கட்டணச் சலுகை. ரைட் கவரில் நிற்பான். அவனுக்குப் பக்கத்தில் ரைட் இன்னில் நிற்பவனும் எங்கள் வாழவந்திப் பையன்தான். ரைட் கார்னர் ஓமலூர் பக்கம். இந்த வருடம் மண்டலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள். பாடிப் போகிறவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள், பிடிதான் நிற்கவில்லை. உடனே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. "வலது பக்கம் வீக். அடுத்த வருஷம் வெளியூர்ல இருந்து ஆறடி ஆள் ரெண்டு பேரைக் கொண்டு வரணும்." அப்படி இரண்டு பேர் வந்தால் வெளியே போகிற இரண்டு பேர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, நீங்க எதையாவது தோண்டிக்கிட்டேதானே இருக்கீங்க, இதையும் கொஞ்சம் பாருங்க" என்று அவன் ஆட்ட வீடியோக்களை அனுப்பினான். கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை என்று வாழவந்தி வந்தவன் நான். சாயங்காலம் கால் எதுவும் இல்லாத நாட்களில் அதைப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததில் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

பிடி என்பது என்ன

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து ஒரு அணியின் பின்கோடு 6.5 மீட்டர். பாடி வருகிறவருக்கு 30 விநாடி. பாக் லைன் 3.75 மீட்டரில் இருக்கிறது. யாரையும் தொடாவிட்டால் அதையாவது தாண்டிவிட்டுத்தான் அவர் திரும்ப முடியும். அதற்கு மேலும் ஒரு மீட்டர் உள்ளே போனால் போனஸ் கோடு. இரண்டு ஓரத்திலும் ஒரு மீட்டர் லாபி. யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தால் அவர் அவுட். தொட்டுவிட்டாலோ, பிடி விழுந்துவிட்டாலோ லாபியும் ஆடுகளம்தான்.

இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். தொடும் வரை 8 மீட்டர் அகலத்தைக் காத்தவர்கள், தொட்ட அந்த நொடியில் 10 மீட்டரைக் காக்கவேண்டும். அதாவது, ஒருவர் கையை வைத்தவுடன் தப்பிக்கும் வழி அகலமாகிறது. அதனால்தான் முதல் பிடியை விட இரண்டாவது ஆள் எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்பது முக்கியம்.

ஏழு பேர் நிற்கும் வழக்கமான அமைப்பு 2-3-2. இடது கார்னரும் இன்னும் கை கோத்து நிற்பார்கள், வலதிலும் அப்படியே. நடுவில் இரண்டு கவரும் சென்டரும் ஒரு சங்கிலி. வலது பக்கத்தை எடுத்துக்கொண்டால், ரெய்டர் ஆழமாக வந்து திரும்பும்போது கார்னர் காலைப் பிடிக்கிறான். இன் இடுப்போடு சேர்த்து அணைக்கிறான். கவர் முன்னால் வந்து நடுக்கோட்டுக்குப் போகும் பாதையை அடைக்கிறான். சென்டர் மற்றப் பக்கம் நழுவாமல் மூடுகிறான். நாலு வேலை, கிட்டத்தட்ட ஒரே நொடி.

ஸ்கோர் புத்தகத்தில் விழுவது ஒரு பெயர்தான். பெரும்பாலும் காலைப் பிடித்தவன் பெயர். பாதையை அடைத்தவன் பெயர் எங்கும் இல்லை.

ஒரு வருடம் புராஜெக்டுக்காக அமெரிக்காவில் ஒஹையோவில் இருந்தபோது இதே கதையை வேறு ஆட்டத்தில் பார்த்தேன். அங்கே கல்லூரி ஃபுட்பால் என்றால் சனிக்கிழமை ஊரே அங்கேதான். அது நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம், பெயரும் வெளியே தெரியாது. சுவர் உடைந்தால் மட்டும் எல்லோரும் அவர்களைத் திட்டுவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அந்த ஐந்து பேரும் 130, 140 கிலோ இருப்பார்கள், எடைக்கு உச்சவரம்பு கிடையாது. நம் கபடியில் மூத்தோர் ஆண்கள் பிரிவில் 85 கிலோதான் எல்லை. ஆறடி ஆளைக் கொண்டு வரலாம், ஆனால் சதையால் மட்டும் சுவர் கட்ட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

எங்கள் வேலையில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நாலு பாகம் வரிசையாக வேலை செய்தால்தான் இயந்திரம் ஓடும் என்றால், நாலின் நம்பகத்தன்மையையும் பெருக்க வேண்டும்.

ஒவ்வொரு பையனும் பத்துக்கு ஒன்பது தடவை தன் வேலையைச் சரியாகச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.66. தனித்தனியாக எல்லோரும் கெட்டிக்காரர்கள், ஆனால் மூன்றில் ஒரு பிடி நழுவுகிறது.

இப்போது ஒருவனை எடுத்துவிட்டு நூற்றுக்கு 99 தடவை தவறாத பெரிய ஆட்டக்காரனைக் கொண்டு வருவோம். 0.9 × 0.9 × 0.9 × 0.99 = 0.72. ஆளை மாற்றாமல் நாலு பேரையும் 0.9லிருந்து 0.95க்குக் கொண்டு வந்தால்? 0.81.

உண்மையான பிடி இவ்வளவு சுத்தமான பெருக்கல் இல்லை. ஒருவன் விட்டதை இன்னொருவன் பிடித்துச் சரிக்கட்டுவதும் உண்டு. ஆனாலும் நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் சரியாவது, ஒருவன் மட்டும் நட்சத்திரமாவதைவிட மேல் என்று கணக்கு சொல்கிறது. அந்தக் "கொஞ்சம்" வருவது பக்கத்தில் நிற்பவன் எப்போது கிளம்புவான் என்று தெரிந்திருப்பதிலிருந்து.

தலைவாஸ் காட்டிய பாடம்

கணக்கு காகிதத்தில் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். களத்தில் பார்ப்போம்.

2019 புரோ கபடி சீசனில் தமிழ் தலைவாஸ் அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்ஜீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் எல்லாரும் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் கோப்பை நமக்குத்தான் என்று தோன்றும். 12 அணிகளில் கடைசி இடம்.

2022 சீசன். 2.26 கோடிக்கு ஏலத்தில் எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போய்விட்டார். முடிந்தது கதை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்த அணிதான் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது, புனேயிடம் 39-37 என்று இரண்டு புள்ளியில் தோற்றது. ரைட் கார்னர் சாகர், லெஃப்ட் கார்னர் சாஹில். இருவரும் முந்தைய சீசனிலும் அதே இடங்களில் நின்றவர்கள். கவரில் அபிஷேக், மோஹித். எல்லாம் இளம் பையன்கள். பாடுவதில் புதுமுகம் நரேந்தர் கொட்டிய புள்ளிகளையும் மறைக்கக்கூடாது. ஆனால் தோற்கவேண்டிய பல ஆட்டங்களை இழுத்துப் பிடித்தது அந்தப் பிடிதான்.

எதிர் சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனில் ஏறக்குறைய அதே கூட்டம் ஒன்பதாவது இடம். சேர்ந்து ஆடினால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. சேர்ந்து ஆடாவிட்டால் மற்ற எதுவும் போதாது என்கிறேன்.

இன்னும் பெரிய உதாரணம் 2018 ஜகார்த்தா. 1990 பெய்ஜிங் முதல் 2014 இஞ்சியோன் வரை ஆசிய விளையாட்டில் ஏழு தடவையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. ஜகார்த்தா அரையிறுதியில் ஈரான் 27-18 என்று நம்மைத் தோற்கடித்தது. ஆளுக்கு ஆள் வைத்துப் பார்த்தால் நம் ரெய்டர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் உள்ளே போனவர்கள் ஈரானியச் சங்கிலியில் சிக்கிச் சிக்கி விழுந்தார்கள்.

பிடிக்கு வயதும் பெரிய தடையில்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராகக் கோப்பை வாங்கியபோது நாற்பதைத் தாண்டியவர். கண் பார்த்துக் கால் நகரும் பழக்கம் சீக்கிரம் போவதில்லை.

வீடியோவில் பார்த்தது

திரும்ப நம் பையன்களிடம் வருவோம். ஒவ்வொரு தோற்ற பிடியையும் நிறுத்தி நிறுத்தி மூன்று கட்டம் எழுதினேன். முதலில் தொட்டது யார், இரண்டாவதாக வந்தது யார், எந்த இடைவெளியில் ரெய்டர் போனான்.

வலது பக்கம் வீக் என்று சொன்னது சரிதான். ஆனால் காரணம் சரியில்லை. ஓமலூர்ப் பையன் காலைப் பிடிக்கிறான், நல்ல பிடிதான். என் மருமகன் வருகிறான், பலமாகத்தான் மோதுகிறான். ஆனால் ஒரு எட்டு தாமதம். அல்லது கார்னர் கிளம்புவதற்கு முன்னாலேயே கவர் கிளம்பிவிடுகிறான், ரெய்டர் சுதாரித்துவிடுகிறான். பலம் குறைந்து நழுவிய பிடியை விட நேரம் தவறி நழுவிய பிடிதான் அதிகம். இடது பக்கத்தில் இந்தக் கோளாறு அபூர்வம்.

ஏன் வலதில் மட்டும்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. பிறகு மருமகனிடம் சாதாரணமாகக் கேட்டேன். "பிராக்டிஸ்ல நீங்க மூணு பேரும் எவ்வளவு நேரம் சேர்ந்து பிடிப்பீங்க?"

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான். "சேர்ந்தா? எங்க மாமா... நாங்க பஸ்ஸுக்குப் போயிடுவோமே."

பயிற்சி 4 மணிக்கு ஆரம்பம். முதலில் ஓட்டம், அப்புறம் உடற்பயிற்சி, அப்புறம் தனித்தனியாகப் பிடி பழகுவது. கடைசி முக்கால் மணி நேரம்தான் ஏழுக்கு ஏழு ஆட்டம். எங்கள் பையன்கள் இரண்டு பேரும் 5 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் இறங்கி, வாழவந்திக்கு இன்னொரு வண்டி பிடிக்கணும். அதை விட்டால் ராத்திரி அங்கேயே. ஆக, தினமும் ஏழு பேர் ஆட்டத்தில் வலது பக்கம் கவரிலும் இன்னிலும் மாற்று ஆட்கள்தான் நிற்கிறார்கள். ஓமலூர்ப் பையனுக்குப் பழக்கம் அவர்களோடு. போட்டியில் மட்டும் பக்கத்தில் வேறு இரண்டு பேர்.

இதற்கு ஆறடி ஆள் வந்தாலும் மருந்தாகாது. அவனும் ஜூனில் சேர்ந்து புதிதாகத்தான் பழகவேண்டும்.

என்ன செய்யலாம்

பி.டி. சாருக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பின் சுருக்கம் இது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆள், நாலு விளையாட்டு, ஒரு மைதானம்.

1. பயிற்சியின் வரிசையைத் திருப்பிப் போடுவது. உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நேராக ஏழுக்கு ஏழு. ஓட்டத்தையும் தனிப்பயிற்சியையும் கடைசியில் வைக்கலாம். மலைப் பையன்கள் அதை ஊரில் செய்துகொள்வார்கள், ஓட ஏற்றத்துக்கா இங்கே பஞ்சம்? செலவு ஒன்றும் இல்லை.

2. ஏழு பேரோடு மட்டும் பழகக்கூடாது. ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் ஆறு, ஐந்து, நாலு பேர்தான் நிற்கிறார்கள். அவுட் ஆனவர்கள் ஆன வரிசையில்தான் திரும்ப வருவார்கள், நமக்கு வேண்டிய ஆள் முதலில் வரமாட்டான். கார்னர் போனால் அந்த இடத்துக்கு யார், கவர் போனால் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்து அப்படியே பழகவேண்டும்.

3. யார் குரல் கொடுப்பது என்பதில் குழப்பம் கூடாது. வலது பக்கத்துக்குக் கார்னர்தான் முடிவு. அவன் கிளம்பினால் மற்றவர்கள் கிளம்பவேண்டும், தப்பாகவே கிளம்பினாலும். பாதிப் பேர் போய்ப் பாதிப் பேர் நிற்பதுதான் மோசம்.

4. மாற்று ஆட்டக்காரன் ஒருவன் இரண்டு பக்கமும் நிற்கப் பழகவேண்டும். புது ஆள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் ஜூனிலேயே வரட்டும், போட்டிக்கு முந்தின வாரம் வேண்டாம்.

5. மூன்று கட்ட நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும். எழுதுவது நான்.

சார் படித்துவிட்டு, "முதல் பாயிண்ட்டை அடுத்த வாரமே செய்துடலாம். ஆள் எடுக்கிறதைப் பத்தி ஜூன்ல பேசுவோம்" என்றாராம். இடம் உறுதியாகிவிடவில்லை. பார்க்க ஆறு மாதம் கிடைத்திருக்கிறது.

இங்கே இன்னொரு வழியும் இருக்கிறது. காப்பி எடுப்பு முடிந்தால் காயப்போடும் களம் மார்ச்சில் காலியாகிவிடும். சிமெண்டுத் தரை, அதில் பிடித்து விழக்கூடாது. ஆனால் கை கோத்து மெதுவாக நடந்து பழகலாம். ஒருவன் ரெய்டர் மாதிரி நடக்கிறான், மூன்று பேரும் சங்கிலியாக நகர்கிறார்கள். எட்டு வைக்கும் நேரம் ஒன்றாவதற்கு வேகம் தேவையில்லை. மே மாத விடுமுறையில் பத்து நாள் ஓமலூர்ப் பையனை இங்கே தங்க வைக்கலாம் என்று யோசனை. அக்கா சரி என்றுவிட்டாள்.

நேற்று மருமகன் போனில் கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன். "அவனும் வர்றேன்னுட்டான் மாமா. ஆனா கோடை விழா கூட்டத்துல பஸ்ல இடம் கிடைக்குமான்னு பயப்படறான்."

தினமும் நீங்கள் படும் பாடு அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்றேன்.